ஒரு பெட்டி நிறைய 'அட்வெஞ்சர்': சாணித்தாள் இதழ்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி இதுதான். ஒஹையோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பக்கத்துத் தெருவில் காலமான பெரியவரின் வீட்டுச் சாமான் விற்பனையில் 60 டாலருக்கு ஓர் அட்டைப்பெட்டி வாங்கியிருக்கிறார். உள்ளே 'அட்வெஞ்சர்' என்ற அமெரிக்கக் கதைப் பத்திரிகையின் 1922 முதல் 1926 வரையிலான இதழ்கள் 23. சிலவற்றைத் தொட்டாலே ஓரம் உதிர்கிறது. இவற்றுக்கு மதிப்பு உண்டா, எப்படிப் பாதுகாப்பது, ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா, ஊர் திரும்பும்போது சென்னைக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

பல வருடங்களாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன் என்பதால் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. ஆனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை எந்த இதழையும் முழுசாக விரித்து மேஜையில் அமுக்காதீர்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். கிழிந்த அட்டையில் செலோடேப் ஒட்டாதீர்கள். பெட்டி பேஸ்மெண்டில் இருந்தால் மேலே எடுத்து வந்து, படுக்கையறை அலமாரி மாதிரி ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். லாட்டரி விழவில்லை. 'பல்ப்' என்று சொல்லப்படும் இந்த மலிவுத்தாள் கதை இதழ்களில் பல்லாயிரம் டாலருக்குப் போகிறவை உண்டு. 1912 அக்டோபர் 'ஆல்-ஸ்டோரி' அதில் தலையாயது. டார்ஜான் முதன்முதலில் வந்தது அதில்தான், முழு நாவலும் ஒரே இதழில். 1923 மார்ச்சில் வந்த 'வியர்ட் டேல்ஸ்' முதல் இதழ், 1931-இல் தொடங்கிய 'தி ஷேடோ', 1933-இல் தொடங்கிய 'டாக் சாவேஜ்' இவற்றின் முதல் இதழ்கள் எல்லாம் பெரிய கைகள் ஏலம் எடுக்கும் சரக்கு. இருபதுகளின் 'அட்வெஞ்சர்' அந்த வரிசையில் இல்லை. நல்ல நிலையில் இருந்தால் ஒன்று இருபது, முப்பது, அதிகம் போனால் ஐம்பது டாலர். உதிர்கிறது என்றால் அதற்கும் கீழே. நீங்கள் போட்ட 60 டாலர் எப்படியும் திரும்பி வரும், வீட்டுக்கடன் அடையாது.

சும்மா கிடைப்பதால் விலை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சினிமாவுக்கும் காமிக்ஸுக்கும் தாவிப் போன கதாநாயகன் ஒருவன் இந்த இதழில் பிறக்கவில்லை, அவ்வளவுதான். பணமுள்ள சேகரிப்பாளர்கள் துரத்துவது கதாநாயகனை. நம் மாதிரி ஆட்களுக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவர்களுக்குப் பல்ப் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாம் சாணித்தாள் என்போமே, அதேதான். ஃபிராங்க் மன்சி என்பவர் 1882-இல் சிறுவர்களுக்காக 'கோல்டன் ஆர்கசி' என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரைச் சுருக்கி, வாசகரை மாற்றி, கடைசியில் 1896-இல் படமே இல்லாமல் முழுக்கக் கதை மட்டும், இருப்பதிலேயே மலிவான மரக்கூழ்த் தாளில், பத்து சென்ட் விலையில் என்று இறக்கினார். பல்ப் என்ற வகையே அங்கேதான் தொடங்குகிறது. வழவழத் தாளில் விளம்பரக் காசில் ஓடிய பத்திரிகைகளை 'ஸ்லிக்' என்பார்கள். இது அதற்கு நேர் எதிர்ச் சாதி.

'அட்வெஞ்சர்' 1910 நவம்பரில் வந்தது. 'ஆர்கசி', 'புளூ புக்', 'ஷார்ட் ஸ்டோரீஸ்', 'அட்வெஞ்சர்' நான்கையும் சேர்த்துப் பெரிய நான்கு என்பது சேகரிப்பாளர் வழக்கு. 1912 முதல் 1927 வரை ஆர்தர் சல்லிவன்ட் ஹாஃப்மன் இதன் ஆசிரியர். பிற்பாடு இலக்கியத்துக்கு நோபல் வாங்கிய முதல் அமெரிக்கரான சின்க்ளேர் லூயிஸ் இங்கே உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவர். உங்கள் பெட்டியில் இருப்பது ஹாஃப்மன் காலத்தின் நடு மத்தி. 1921 கடைசியிலிருந்து 1926 தொடக்கம் வரை இது மாதம் மூன்று முறை வந்தது: 10, 20, 30 தேதிகளில். ஆகவே பட்டியல் போடும்போது '1924 மார்ச்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த மாதத்தில் மூன்று இதழ் உண்டு. தேதியையும் தொகுதி எண்ணையும் இதழ் எண்ணையும் சேர்த்தே குறியுங்கள். இணையத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு சோம்பலால் வந்தது.

எழுத்தாளர்கள் யார் யார் என்று பார்த்தால் உங்களுக்கு இரண்டு பெயர் அடிக்கடி கண்ணில் படும். ஒருவர் டால்பட் மண்டி. லண்டன்காரர், சொந்தப் பெயர் வில்லியம் லங்காஸ்டர் கிரிப்பன். இளவயதில் இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சுற்றி, சிறைக்கும் போய்வந்து, நியூயார்க்கில் கரையேறி, 1911-இலேயே இந்த இதழில் எழுத ஆரம்பித்துவிட்டார். இவருடைய 'ஓம்' என்ற நாவல் 1924 அக்டோபர், நவம்பர் இதழ்களில் தொடராக வந்தது. அதை எழுதிய காலத்தில் அவர் கலிஃபோர்னியாவின் பாயின்ட் லோமாவில் பிரம்மஞான சபைக்காரர்களோடு இருந்தார். அடையாற்றுத் தலைமையகத்தோடு முறித்துக்கொண்டு 1895-இல் பிரிந்துபோன அமெரிக்கக் கிளையின் வழிவந்த கூட்டம் அது. அடையாறு ஆலமரத்தின் ஒரு விழுது சாணித்தாளில் வந்து இறங்கியிருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. மற்றவர் ஹெரால்ட் லாம்ப். 1917-இல் தொடங்கிய இவருடைய கிளிட் என்ற கிழட்டு கொசாக் வீரனின் கதைகள் மத்திய ஆசியாவில் ஆரம்பித்து மொகலாய இந்தியா வரை வரும். எழுத்து இன்றும் பழசாகவில்லை.

இந்தக் கதைகளில் வெள்ளைக்காரத் திமிர் நிறையவே உண்டு. 'நேட்டிவ்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வரும். சீனர்களையும் கறுப்பர்களையும் சித்தரித்திருக்கும் விதம் பல இடங்களில் குமட்டும். மண்டி மட்டும் கொஞ்சம் விலகியவர். அவருடைய சுல்லந்தர் கோஷ் என்ற வங்காளி பாபு கேலிச் சித்திரமாக உள்ளே வந்து, போகப்போகக் கதையிலேயே கெட்டிக்கார ஆளாகிவிடுவார். படிக்கும்போது எரிச்சல் வந்தால் வரட்டும். ஸ்கேன் செய்யும்போது எதையும் வெட்ட வேண்டாம்.

ஆனால் உங்கள் பெட்டியில் எனக்கு வாயூறுவது கதைகளுக்காக இல்லை. மண்டியும் லாம்பும் புத்தகமாகவே வந்துவிட்டார்கள். லாம்பின் கொசாக் கதைகளை நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2006 முதல் தொகுத்துப் போட்டிருக்கிறது. ஸ்டீகர் புக்ஸ் மாதிரி சிறு பதிப்பகங்கள் பழைய பல்ப் தொடர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து வெளியிடுகின்றன. கதை சாகாது. சாகப்போவது இதழின் கடைசி முப்பது பக்கம்.

ஒரு இதழை எடுத்து, பின்பக்கமாக மெதுவாகத் திறந்து பாருங்கள். 'கேம்ப்-ஃபயர்' என்று ஒரு பகுதி இருக்கும். வாசகர்களும் எழுத்தாளர்களும் ஆசிரியரும் குளிர்காய்ந்துகொண்டு பேசுகிற மாதிரி பாவனை. எழுத்தாளர் தன் கதைக்கு எங்கிருந்து சான்று எடுத்தேன் என்று எழுதுவார். அலாஸ்காவிலிருந்தோ பனாமாவிலிருந்தோ ஒரு வாசகர், 'ஐயா, நான் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவன், அது அப்படிச் சுடாது' என்று பிடித்துக்கொள்வார். அதற்கடுத்து 'ஆஸ்க் அட்வெஞ்சர்'. நாடு வாரியாகவும் துறை வாரியாகவும் நிபுணர்கள். தபால்தலை ஒட்டிய உறையோடு கேள்வி அனுப்பினால் பதில் வரும், அதில் சில அச்சாகும். 'லாஸ்ட் டிரெயில்ஸ்' என்பது காணாமல்போனவர்களைத் தேடும் பத்தி. பிரிந்துபோன அண்ணனை, போரில் கூட இருந்த சிப்பாயைத் தேடி நாலு வரி. நம் நாளிதழ்களில் 'எங்கிருந்தாலும் உடனே வரவும்' என்று வருமே, அதே தொனி. இதுபோக, அயல்நாட்டில் அநாதையாகச் செத்துப்போனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பத்திரிகையைத் தொடர்புகொள்ளச் சொல்லும் அடையாள அட்டையை, பல மொழிகளில் அச்சிட்டு, வாசகர்களுக்குக் கொடுத்தார்கள். கதைப் பத்திரிகை செய்கிற வேலையா இது?

1925 பிப்ரவரியில் டிராஸ் என்ற நாயகனை வைத்து மண்டி எழுதிய கதைகள் தொடங்கின. அதில் ஜூலியஸ் சீசர் வில்லன். அவ்வளவுதான், கேம்ப்-ஃபயரில் தீப்பிடித்துக்கொண்டது. சீசரை எப்படி இழிவாக எழுதலாம் என்று வாசகர்களும் சக எழுத்தாளர்களும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். மண்டி பதில் சொல்ல, பதிலுக்குப் பதில் வர, கதையைவிட அந்தச் சண்டை சுவையாக இருக்கிறது. நாவலைப் புத்தகமாக வாங்கிப் படிக்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

இன்னொன்று சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு துள்ளுகிறேன் என்று புரியும். 'ஆண்கள் பாடிய பழைய பாட்டுகள்' என்ற பொருளில் ஒரு பத்தி வந்துகொண்டிருந்தது. 1923 முதல் 1927 வரை அதை நடத்தியவர் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன். 'உங்களுக்குத் தெரிந்த கப்பல்காரர் பாட்டு, மரம்வெட்டிகள் பாட்டு, சிறைக்கைதிகள் பாட்டு எதுவானாலும் எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் கடிதம் குவிந்தது. கோனான் என்ற கதாநாயகனைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்டும், அப்போது டெக்சாஸில் இருந்த இளைஞன், பாட்டு அனுப்பியவர்களில் ஒருவர். 1928-இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் நாட்டுப்பாடல்களுக்கென்று ஒரு காப்பகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இதே கார்டனை உட்கார வைத்தது. அந்தக் கடிதங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் கதைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாட்டின் பாட்டு சேர்ந்திருக்கிறது.

நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டி வாரம் தவறாமல் தொடர்கதைப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து கிழித்து அடுக்கி, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ முதுகு போட்டு பீரோவில் வைத்துவிடுவார். கதை பத்திரமாக இருக்கும். அந்த வாரத்து வாசகர் கடிதம், கேள்வி பதில், தைலம் விளம்பரம், துணுக்கு எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிப் போயிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படி ஆறு பைண்டு வால்யூம் இருந்தது. இன்றைக்கு எனக்கு வேண்டியது பாட்டி தூக்கிப்போட்ட பக்கங்கள்தான். அமெரிக்கர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். பழைய புத்தகச் சந்தையில் கதையை மட்டும் உருவியெடுத்துத் தைத்த கட்டுகள் அவ்வப்போது வரும். அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஸ்கேன் செய்தால் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை, விளம்பரம், சந்தா கூப்பன் உட்பட ஒரு பக்கம் விடாமல் எடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறதே என்று ஒன்பது இதழ்களைக் கறுப்பு வெள்ளையில், கதை மட்டும் எடுத்தேன். எடுத்து முடித்த தெம்பில் மூல இதழ்களை விற்றும் விட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதில் ஓர் இதழின் கேம்ப்-ஃபயர்ப் பக்கத்தைக் கேட்டார். வாங்கியவரைத் தேடிப் பிடித்தால், அவரும் அதை வேறு யாருக்கோ விற்றிருந்தார். ஹார்டு டிஸ்க் விலை நாளுக்கு நாள் இறங்கும், இதழ் திரும்ப அச்சாகாது என்கிற சின்ன விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி எப்படி எடுப்பது என்று பார்ப்போம். அதற்குத் தாள் ஏன் உதிர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மரத்தை அப்படியே அரைத்த கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகும். அதோடு, மை ஊறிப் பரவாமலிருக்கத் தாளில் சேர்க்கும் படிகாரமும் குங்கிலியமும் அமிலத்தைக் கொடுக்கும். அமிலம் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். காற்று ஓரத்தில்தான் முதலில் படுகிறது. அதனால் ஓரம் கருகின அப்பளம் மாதிரியும், நடுப்பக்கம் வெளிறின மஞ்சளாகவும் இருக்கும். மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது. முறிந்தால் அந்த இதழை இன்னும் ஒரு முறைதான் முழுசாகப் புரட்ட முடியும், அந்த ஒரு முறை ஸ்கேனுக்காக இருக்கட்டும்.

இருபதுகளின் 'அட்வெஞ்சர்' தடிமனானது, இருநூறு பக்கத்தை ஒட்டி வரும். பக்கவாட்டில் பின் குத்தி, அதன் மேல் அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். இதனால் உள்ஓரத்து எழுத்துகள் பள்ளத்துக்குள் போய்விடும். தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு முறியும். அட்டை கெட்டியாக இருந்து தாளும் வளைகிறது என்றால் பிரிக்காதீர்கள். இரண்டு பலகையை 'வி' வடிவத்தில் நிறுத்தி, இதழைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி வைத்து, மேலே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, இரண்டு பக்கமும் விளக்கு போட்டு எடுங்கள். இப்போதைய நல்ல செல்போன் கேமராவே போதும், கையில் பிடித்துக்கொண்டு எடுக்கக் கூடாது, அவ்வளவே.

அட்டை ஏற்கனவே கழன்று, பின்னும் துருப்பிடித்து, தாளும் முறிகிறது என்றால் பிரித்துவிடுவதுதான் மரியாதை. பின்னை நகத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பாதீர்கள். மெல்லிய தட்டைக் கத்தியால் பின்பக்கத்துக் கால்களை நிமிர்த்தி, முன்பக்கமாக மெதுவாக உருவுங்கள். பிறகு ஒவ்வொரு தாளாகத் தட்டை ஸ்கேனரில் வைக்கலாம். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் காகிதம் வைத்தால் மறுபக்கத்து எழுத்து நிழலாடாது. இந்தத் தந்திரத்தை எனக்கு யாரும் சொல்லித்தராமல் முதல் மூன்று இதழ் வீணாயிற்று. உள்பக்கங்களுக்கு 400 டிபிஐ, அட்டைக்கு 600. வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும், உள்ளே கறுப்பு மை மட்டுமே இருந்தாலும். மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்குத் தனியாகச் சின்னதாக ஒன்று செய்யுங்கள். ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் கோணலை நிமிர்த்தி ஓரம் வெட்டிக் கொடுக்கும். ஆனால் அதை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடும், அமைப்பில் போய் வண்ணம் என்று மாற்றுங்கள். தாளைப் பால்வெள்ளையாகச் சலவை செய்கிறவர்கள் உண்டு. நூறு வருடத்துத் தாள் நூறு வருடத்துத் தாளாகவே தெரியட்டும்.

பழக்கம் இல்லாதவருக்கு ஓர் இதழ் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். 23-ஐயும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை. முதலில் பட்டியல் போட்டு, ஏற்கனவே யாராவது எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்டர்நெட் ஆர்கைவில் பல்ப் இதழ்களுக்கென்றே ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. அங்கே இருக்கிறது என்றதும் விட்டுவிடாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள். பாதி ஸ்கேன்களில் நான் செய்த அதே பாவத்தை வேறு யாரோ செய்திருப்பார்கள். எந்த இதழில் யார் என்ன எழுதினார் என்று தெரிய ஃபிக்ஷன்மேக்ஸ் அட்டவணை இருக்கிறது. தொண்டர்கள் பல காலமாகச் சேர்த்துவரும் பொக்கிஷம். உங்கள் இதழின் பொருளடக்கம் அதில் அரைகுறையாக இருந்தால் நிரப்பிக் கொடுக்கலாம். ஸ்கேன் போடாமலே செய்யக்கூடிய உதவி இது.

சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் பெட்டியைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் கால வெளியீடுகளுக்கு அதிகபட்சம் 95 ஆண்டுதான் காப்புரிமை, ஆண்டு முடிவு வரை கணக்கு. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஒரு வருடத்துச் சரக்கு பொதுச்சொத்தாகிறது. 1930-இல் வந்தவை 2026 ஜனவரி 1-இல் ஆயின. 1922 முதல் 1926 வரை உள்ளவை முன்பே ஆகிவிட்டன. நம் ஊரில் நாட்டுடைமை என்றால் அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து அறிவிக்க வேண்டும். இங்கே காலண்டர் கிழித்தாலே போதும். இந்தியாவில் கணக்கு வேறு, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு. மண்டி 1940-இல் போனார், லாம்ப் 1962-இல். இருவருக்கும் அதுவும் தாண்டிவிட்டது.

நாளைக்கு முப்பதுகளின் இதழ் கைக்கு வந்தால்தான் யோசிக்க வேண்டும். 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. புதுப்பிக்காதவை அப்போதே பொதுச்சொத்து. பல பல்ப் கம்பெனிகள் 28 வருடம் உயிரோடே இல்லை என்பதால் ஏராளமான இதழ்கள் இப்படி விடுதலையாகிவிட்டன. எந்தப் பத்திரிகை எப்போது முதலில் புதுப்பிக்கப்பட்டது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் புக்ஸ் பேஜில் ஒரு பட்டியல் இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். ஸ்டான்ஃபோர்டின் காப்புரிமைப் புதுப்பிப்புத் தேடுதளத்தில் இல்லை என்றதும் குதிக்காதீர்கள், அது புத்தகங்களுக்கு மட்டுமானது. இன்னொரு கண்ணி: இதழைப் பதிப்பாளர் புதுப்பிக்காவிட்டாலும் அதிலுள்ள ஒரு கதையை மட்டும் எழுத்தாளர் தனியாகப் புதுப்பித்திருக்கலாம். டார்ஜான், ஜோரோ மாதிரிப் பெயர்களுக்கு வணிகக்குறி உரிமை கோருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய இதழை ஸ்கேன் செய்து கொடுப்பது வேறு, அந்தப் பெயரில் டீ-ஷர்ட் போட்டு விற்பது வேறு. 'ஷேடோ', 'டாக் சாவேஜ்' இரண்டும் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகத்திடமிருந்து காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போனவை, அங்கே கேட்காமல் கைவைக்காதீர்கள். இன்றைய பதிப்பகங்கள் புதிதாக அச்சுக்கோத்துப் போட்ட மறுபதிப்பை ஸ்கேன் செய்து பகிர்வது எந்தக் காலத்து இதழானாலும் அசிங்கம். பத்துப் பேர் வாங்கினால்தான் அவர்கள் அடுத்த தொகுப்பைப் போடுவார்கள்.

பகிரும்போது பேராசை வேண்டாம், ஒழுங்கு வேண்டும். கோப்பின் பெயரிலேயே இதழ், வருடம், மாதம், தேதி இருக்கட்டும். குறிப்பில் எந்தெந்தப் பக்கம் இல்லை, எது கிழிந்தது என்று உள்ளபடி எழுதுங்கள். இல்லாத பக்கத்தை இல்லை என்று சொன்னால்தான், அந்தப் பக்கம் வைத்திருக்கிற ஆள் வந்து நிரப்புவார். மற்றவர் ஸ்கேனை வாங்கி அதிலுள்ள அவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரில் போடுவது, அல்லது டிவிடியில் ஏற்றி ஏலத் தளத்தில் விற்பது, இந்த வட்டாரத்தில் மன்னிக்கப்படாத குற்றம். இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றினால் படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணர்தலை அவர்களே செய்துகொள்வார்கள். இரண்டு பத்தி அச்சு என்பதால் வரிகள் சில இடத்தில் குழம்பும், ஆனாலும் தேடக் கிடைக்கும். அங்கே ஏற்றியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. 2024 அக்டோபரில் அந்தத் தளம் தாக்கப்பட்டுச் சில நாள் முடங்கியபோது பலருக்குக் கை கால் ஓடவில்லை. அதற்கு முன்னால் யாஹூ தன் குழுக்களை 2020-இல் இழுத்து மூடியது. வருடக்கணக்கில் அங்கே பேசிச் சேர்த்ததில் எடுத்து வைத்துக்கொள்ளாதது போனதுதான். வீட்டில் ஒரு டிஸ்க், வேறு ஊரில் இருக்கிற நண்பரிடம் ஒரு டிஸ்க், இணையத்தில் ஒன்று. மூன்று இடத்தில் இல்லாதது இல்லாததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூல இதழ்களைப் பொறுத்தவரை ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறையில், அமிலமில்லாத அட்டையோடு சேர்த்துப் போட்டு, படுக்கவைத்து அடுக்குங்கள். அடுக்கு உயரமாகப் போனால் அடியில் இருப்பது நசுங்கும். லேமினேஷன் கடைப்பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். நம் ஆட்களுக்கு எதையும் லேமினேட் செய்தால் சாகாவரம் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்துருண்டையும் வேண்டாம், அந்த வாசனை தாளைவிட்டு இறங்காது.

சென்னைக்கு? மனசு கேட்காவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் கடற்கரை ஈரமும் இராமபாணப் பூச்சியும் நல்ல தாளையே விட்டுவைப்பதில்லை, இது பூச்சிக்குப் பொரித்து வைத்த அப்பளம். வருடம் முழுக்க ஏசி போட்ட அறை இருந்தால் வேறு பேச்சு. உங்கள் அதிர்ஷ்டம், நீங்கள் இருப்பது ஒஹையோ. பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் வெகுஜனப் பண்பாட்டுக்கென்றே பிரவுன் நூலகம் என்று ஒன்று இருக்கிறது, பல்ப் இதழ்களை மதித்து வாங்கி வைக்கும் இடம். ஊர் திரும்பும்போது எதெது தேவை என்று அவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். விற்க நினைத்தால் கோடையில் பிட்ஸ்பர்க் பக்கம் நடக்கும் பல்ப்ஃபெஸ்ட் என்ற சேகரிப்பாளர் திருவிழாவுக்குக் காரிலேயே போய்விடலாம். 2009-இல் அது தொடங்கியதே உங்கள் ஒஹையோவின் கொலம்பஸில்தான். ஒரே ஒரு இதழ், அட்டை நன்றாக இருப்பதாகப் பார்த்து, கையோடு கேபின் பையில் கொண்டுவாருங்கள். அதைக்கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு சுயநலமான வேண்டுகோள். பட்டியல் போடும்போது 1924 அக்டோபர் 30 இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் உள்ள பிரதியில் பின்னால் ஒரு தாள் போய்விட்டது, கேம்ப்-ஃபயரில் ஒருவருடைய கடிதம் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கிறது. உங்கள் பிரதியில் அந்தத் தாள் இருந்தால், மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால், அதை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.